சீமாட்டியின் வலையில் உலர்ந்த புல்

"வேலை போனா போகட்டும் ஐயா. நான் பொய் சொல்றவ இல்ல. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க."

வாசலில் நின்றபடியே இதைச் சொன்ன பெண்மணியை எல்லோரும் லாயத்தக்கா என்றே அழைப்பார்கள். பன்னிரண்டு வருடமாகப் பந்தயக் குதிரைகளைப் பராமரிப்பவர். முகத்தில் அழுகை இல்லை; கோபம் இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர் தராசு. எடை, அளவைகளைச் சோதிக்கும் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அந்தப் பெயர்; ஊரில் சிக்கல் என்றால் அவரிடம்தான் வருவார்கள். பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி. துப்பு துலக்குவதில் மச்சானுக்கு ஆர்வம் அதிகம், பொறுமை மருந்துக்கும் கிடையாது.

"சீமாட்டின்னு ஒரு குதிரை. அவளுக்குத் தூசி ஆகாது, மூச்சு இழுத்துக்கும்" என்றார் லாயத்தக்கா. "அதனால தினம் புல்லை அரை மணி நேரம் தொட்டியில முக்கி ஊறவெச்சு, வடியவிட்டு, வலைப்பையில தொங்கவிடுவேன். இன்னிக்கும் ஆறு மணிக்குத் தொங்கவிட்டேன். எட்டு மணிக்குப் பாத்தா இருமி இருமி நிக்க முடியாம நிக்கறா. முதலாளி வலைக்குள்ள கையை விட்டார். காஞ்ச புல்லு! பத்து பேர் முன்னாடி 'பொய்க்காரி'ன்னு சொல்லி வேலையை விட்டு நிறுத்திட்டார்."

"குதிரை இப்ப எப்படி?"

"வைத்தியர் ஊசி போட்டார், தேறிட்டா. பக்கத்து அறைக்கு மாத்தியாச்சு. வலையை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

"பாதி வேலையை நீங்களே முடிச்சுட்டீங்க" என்று சொல்லித் தராசு செருப்பை மாட்டினார்.

லாயத்தின் வாசலிலேயே முதலாளி மறித்தார். அவருக்குப் பின்னால் ஆறு மாதத்துக்கு முன் துணிக்கடைக்காரர் வீட்டிலிருந்து வந்த மருமகன், சலவை கலையாத வெள்ளைச் சட்டையில். சவாரிக்காரர் ஓரமாக நின்று சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேன். ஊறவெச்சேன்னு சாதிக்கறாங்க பாருங்க, அதான் எனக்கு ஆகல" என்றார் முதலாளி.

தராசு நேராகத் தொட்டியிடம் போனார். பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் தண்ணீர் நின்றது.

"அது நேத்துத் தண்ணி" என்றார் முதலாளி.

தராசு குனிந்து முகர்ந்தார். பிறகு சவாரிக்காரரைப் பார்த்து, "புல்லு ஊறின தண்ணி இந்த வெயில்ல ஒரு நாள் கிடந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"புளிச்சு நுரை தட்டிரும் சார். நாத்தம் குடலைப் புடுங்கும்."

தொட்டியில் நுரையும் இல்லை, நாற்றமும் இல்லை. அது இன்றைய தண்ணீர்தான்.

சீமாட்டியின் அறையில் வலைப்பை தொங்கியது. உள்ளே புல் மொறுமொறுவென்று இருந்தது. ஆனால் அதற்கு நேர் கீழே தரை இன்னும் ஈரமாக இருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர் தெறித்திருந்தது. வலையின் கயிறு சுவர் வளையத்தில் நாலு முடிச்சாக இறுகக் கட்டப்பட்டிருந்தது. வரிசையில் இருந்த மற்ற வலைகளின் முடிச்சுகளைத் தராசு ஒவ்வொன்றாக இழுத்தார். ஒரே இழுப்பில் எல்லாம் அவிழ்ந்தன.

"அத்தான், சவாரிக்காரர்தான்! முழிக்கற முழியைப் பாருங்க" என்று மச்சான் காதைக் கடித்தார்.

"நீங்க போய்ச் சாணிக்குழியைப் பாருங்க மச்சான். ஈரப் புல்லு ஆவியாப் போயிருக்காது."

பத்து நிமிடத்தில் மச்சான் வெற்றி வீரராகத் திரும்பினார். இரண்டு கையிலும் சொட்டச் சொட்டப் புல். "குழிக்குள்ள, மேல வைக்கோலைப் போட்டு மூடியிருக்கு!"

தராசு எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்தார். காய்ந்த புல் நிறைந்த வலை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். "ஆளுக்கு ஒரு தடவை இதை வளையத்துல கட்டுங்க."

லாயத்தக்கா கட்டினார். சவாரிக்காரர் கட்டினார். முதலாளி சலித்துக்கொண்டே கட்டினார். மூவர் முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. மருமகன் மட்டும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று நாலு முடிச்சு போட்டு இறுக்கினார். அவிழ்க்கக் கத்திதான் தேவைப்பட்டது.

"குதிரையோட வளர்ந்தவங்க கை இப்படிக் கட்டவே கட்டாது" என்றார் தராசு. "குதிரை கால் சிக்கினா சட்டுனு அவிழணும். துணிக்கடையில மூட்டை கட்டிப் பழகின கைதான் இப்படி இறுக்கும். உங்க குடும்பத்துக்குத் துணிக்கடை இருக்கில்ல மாப்பிள்ளை?"

மருமகன் ஓரடி பின்வாங்கினார்.

"இன்னொண்ணு, எடை. அது என் தொழில். அஞ்சு கிலோ புல்லு ஊறினா பத்துக்கு மேல போகும். தெரிஞ்சவங்க தோளைக் குடுத்து இறக்குவாங்க. தெரியாதவர் கயிறை இழுத்தார், வலை பொத்துனு விழுந்து சுவரெல்லாம் தெறிச்சுது. உங்க சட்டையிலயும் தெறிச்சிருக்கும். காலையில போட்ட சட்டை எங்க?"

மருமகனின் தலை கவிழ்ந்தது. "எங்க சொந்தக்காரங்க குதிரையைப் பாக்க ஒன்பது மணிக்கு வர்றதா இருந்தது. நம்ம வீட்டுக் குதிரை சாக்கடைத் தண்ணி சொட்டற புல்லைத் தின்னா கேவலம்னு நினைச்சேன். நல்ல புல்லா மாத்தினேன். அவ இரும ஆரம்பிச்சதும் பயந்துட்டேன் மாமா."

"அவ இருமினது நீங்க தெரியாம பண்ணின தப்பு. அக்கா திட்டு வாங்கறப்ப வாயைத் திறக்காதது தெரிஞ்சே பண்ணினது" என்றார் தராசு.

முதலாளியின் முகம் சிவந்தது. "சரி சரி, அக்கா, நாளையிலேர்ந்து வழக்கம்போல வேலைக்கு வந்துருங்க."

லாயத்தக்கா அசையவில்லை. "வேலையை நான் கேக்கவே இல்லீங்க. பத்து பேர் முன்னாடி சொன்னீங்க."

முதலாளி மருமகனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு கைதட்டி லாயத்து ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டார். கடைசி ஆள் வந்து நிற்கும்வரை காத்திருந்தார்.

"பன்னிரண்டு வருஷமா இவங்க சொன்னது ஒண்ணும் பொய்யானதில்ல. இன்னிக்குப் பொய் சொன்னது நான்" என்றார், காலையில் கத்திய அதே குரலில்.

லாயத்தக்காவின் கண் அப்போதுதான் கலங்கியது. நிமிர்ந்த தலையைக் குனியாமலே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க" என்றார். "மத்தியானப் புல்லு ஊறணும்."