மெய்வாசகி

காலை ஒன்பது மணிக்கு வர்ஷினி காதுக்குப் பின்னால் உணர்மானியை ஒட்டிக்கொண்டாள். பொட்டு அளவுதான் இருக்கும். தோலில் பட்டதும் எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், அப்புறம் அது இருப்பதே மறந்துபோகும். கோவை அவிநாசி சாலையில், பதினோராம் மாடியில் இருந்த மதிப்பகத்தில் மொத்தம் அறுபது வாசிப்பு அறைகள். அவளுடையது இருபத்து மூன்று. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், மடியில் திரை. பேனாவும் தாளும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. வர்ஷினி மட்டும் கைப்பையின் அடியில் ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் ஒளித்துக் கொண்டுபோவாள்.

நாவல் படிப்பதுதான் அவள் உத்தியோகம். பதிப்பகங்களின் புனைவி எந்திரங்கள் வாரத்துக்கு முந்நூறு நாவல்களை எழுதித் தள்ளின. பாதிக்கு மேல் காதல், மிச்சம் மாயாஜாலம், இரண்டையும் போட்டுக் குழப்பியது ஏராளம். இதில் எது தேறும் என்று யார் சொல்வது? ஒரு காலத்தில் படித்தவர்களே கருத்து எழுதினார்களாம். பிறகு கருத்துகளையும் எந்திரங்கள் எழுத ஆரம்பித்தன. வெளிவராத நாவலுக்குப் பத்தாயிரம் பாராட்டு வந்தது, பிடிக்காத பதிப்பகத்தின் நாவலுக்கு ஒரே இரவில் லட்சம் வசவு வந்தது. கடைசியில் எழுத்தில் வரும் எந்தக் கருத்தையும் யாரும் நம்பவில்லை. அப்படித்தான் மெய்வாசகர்கள் வந்தார்கள். மெய் என்றால் உண்மை, உடம்பும்தான். ‘வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது’ என்று மதிப்பகத்தின் வாசலிலேயே பொறித்திருந்தார்கள்.

நாடியின் வேகம், கண்பாவையின் விரிவு, உள்ளங்கை வியர்வை எல்லாவற்றையும் கூட்டி உணர்மானி நூற்றுக்கு ஓர் எண் தரும். அதற்குத் துடிப்பு எண் என்று பெயர். எந்த நாவலின் எண் உயர்கிறதோ அதன் ஜாடையில் இன்னும் நூறு நாவல்களைப் புனைவி எழுதும். எண் தாழ்ந்தால் அந்த ஜாதியே அற்றுப்போகும். நாவல் வெளிவரும்போது அந்த எண்களும் அறை எண்ணோடு எல்லாரும் பார்க்க வெளியாகும், ஆனால் மெய்வாசகர் தன்னுடைய எண்ணைத் தானே பார்க்கக் கூடாது. பார்த்தால் உடம்பும் நடிக்கப் பழகிவிடும் என்றார்கள். ஒன்பது வருஷத்தில் வர்ஷினி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அன்றைக்கு அவளுக்கு வந்தது உக்கிரசேனன் வரிசையின் ஐந்தாம் பாகம். உக்கிரசேனன் யாளிப்படையின் இளவரசன். அவன் வாளைத் தொட்டால் தீப்பிடிக்கும், பெண்ணைத் தொட்டால் மயக்கம் போடுவாள். நாலாம் அத்தியாயம் முடிவதற்குள் வர்ஷினி நோட்டை எடுத்துவிட்டாள்.

‘நாற்பது பக்கத்தில் கதாநாயகி ஆறு தடவை மயங்கி விழுகிறாள். இவளுக்குத் தேவை காதலன் இல்லை, இரும்புச்சத்து மாத்திரை. இந்த உலகத்தில் மூன்று நிலாக்கள் இருக்கின்றன, ஆனால் கடலில் அலை எப்படி அடிக்கும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஐந்து ராஜ்ஜியம், எண்ணூறு யாளி, ஒரு சமையல்கட்டு கிடையாது. இவர்கள் எதைத் தின்கிறார்கள்? அவன் அவளைக் கோபுரத்தில் வைத்துப் பூட்டுகிறான். அவள் சன்னல் வழியாக அவன் முதுகைப் பார்த்து வெட்கப்படுகிறாள். பூட்டி வைத்தால் வெட்கமா வரும், மூதேவி?’

பென்சில் முனை ஒடிந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில், ஐந்து பாகங்களிலும் அவன் தவறாமல் சொல்லும் அந்த வசனம் வந்தது. ‘உன் கண்கள் என்னுடையவை. அவை யாரைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் சொல்வேன்.’ அதைப் படித்ததும் வர்ஷினிக்குப் பிடரி சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தை முடித்தாள்.

மதியம் சாப்பிடும்போது மகள் நறுமுகை அழைத்தாள். ஓசூரில் சில்லு ஆலை ஒன்றில் வேலை, இருபத்து மூன்று வயது. எண் புதிதாக இருந்தது.

“அம்மா, இது கவினோட போன். நான் அவன் வீட்டுக்கே மாறிடலாம்னு இருக்கேன்.”

கவின் யாரென்று வர்ஷினிக்குத் தெரியும். ஆறு மாதப் பழக்கம். “உன்னோட போன் எங்கே கண்ணு?”

“அதையேன் கேக்கற.” நறுமுகை சிரித்தாள். “நேத்து ஃப்ரெண்ட்ஸ் கூட சாப்பிடப் போயிட்டேன்னு தூக்கித் தரையில அடிச்சுட்டான். அப்புறம் அவனே ஓன்னு அழுதான். உன் கண்ணு என்னோடது, அது யாரைப் பாக்கணும்னு நான்தான் சொல்லுவேன்னான். வேலைக்கும் இனிப் போக வேண்டாங்கறான். யாரும்மா இப்படி ஆசையாச் சொல்லுவாங்க?”

வர்ஷினி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். “நீ எங்கேயும் மாறாதே. நான் வர்றேன்,” என்று மட்டும் சொன்னாள். கை கழுவிவிட்டு ஓசூருக்கு டிக்கெட் போட்டாள்.

ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நேராகப் பன்னிரண்டாம் மாடிக்கு ஏறினாள். துடிப்பு எண்களைத் தொகுக்கும் பிரிவுக்கு ஃபர்ஹானா பொறுப்பு. முப்பத்தைந்து வயதிருக்கும், யாரிடமும் குரல் உயர்த்தாதவள். வர்ஷினி அவள் மேசையில் நோட்டைத் தொப்பென்று போட்டாள்.

“இதைப் படிங்க. ஒன்பது வருஷமா இப்படி முப்பத்தோரு நோட்டு எழுதியிருக்கேன். இந்த உக்கிரசேனன் ஒரு பொறுக்கி. பொறுக்கியைக் காதலன்னு சொல்லி ஊர்ல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் ஊட்டறீங்க. எந்தக் கிறுக்கு இதுக்கு எண் போடுது? அதை மட்டும் சொல்லுங்க.”

ஃபர்ஹானா நோட்டைப் புரட்டினாள். இரும்புச்சத்து மாத்திரை வந்த இடத்தில் சிரிப்பு வந்தது போலிருந்தது, அடக்கிக்கொண்டாள். எழுந்து கதவைச் சாத்தினாள்.

“வர்ஷினிக்கா, இதைக் காட்டினா என் வேலை போயிரும். இருந்தாலும் நீங்க தெரிஞ்சுக்கணும்.” திரையைத் திருப்பினாள். அறுபது மெய்வாசகர்களின் எண்கள் வரிசையாக இருந்தன. ஐம்பது பேருக்கு நாற்பதுக்கும் கீழே. ஒன்பது பேருக்கு அறுபது. உச்சியில் தனியாக ஒன்று: ‘கோவை 23. துடிப்பு எண் 94.’

வர்ஷினி தன் அறை எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“இது தப்பு. எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது.”

“தெரியுமுங்கக்கா. ஆனா எதுக்காகத் துடிக்கறீங்கன்னு உணர்மானிக்குத் தெரியாதுங்க. ஆசை வந்தாலும் நாடி ஓடும், ஆத்திரம் வந்தாலும் ஓடும். கண்ணு விரியும், கை வேர்க்கும். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். முதல் உக்கிரசேனன் கதை ஆறு வருஷத்துக்கு முந்தி சும்மா ஒரு சோதனைக்கு வந்தது. யாரும் கண்டுக்கலை. நீங்க ஒருத்தர்தான் தொண்ணூறைத் தாண்டினீங்க. உச்சியில இருக்கற எண்ணைத்தான் புனைவி பாக்கும், அடுத்ததுல அவனை இன்னும் கொஞ்சம் முரடாக்குச்சு. நீங்க இன்னும் ஏறினீங்க. கதவைப் பூட்ட வெச்சுது. ஏறினீங்க. அவன் உங்களை வெச்சு வளர்ந்தவனுங்க, அக்கா.”

“அப்ப எனக்குப் பிடிச்சது?” வர்ஷினி கேட்டாள். “ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒண்ணு வந்துதே. ‘மிக்ஸி வாங்கப் போனவர்கள்’னு ஒரு நாவல். லிஃப்ட் மெக்கானிக்கும் அந்த நர்ஸம்மாவும். கல்யாணம் ஆகி முதல் வாரம், மிக்ஸி வாங்கக் கடைக்குப் போய் எந்த நிறம்னு சண்டை போட்டுட்டு வெறுங்கையோட வந்து அம்மியில அரைப்பாங்க. அவன் அரைப்பான், அவ தண்ணி தெளிப்பா. அடுத்த பாகம் எப்ப வரும்னு நான் எத்தனை தடவை கேட்டேன்?”

ஃபர்ஹானா தேடி எடுத்தாள். “உங்க எண் பதினொண்ணுங்க. மூச்சு சீரா இருந்திருக்கு, நாடி இறங்கியிருக்கு, உடம்பு தளர்ந்திருக்கு. வாசகர் தூங்கிட்டார்னு பதிவாயிருக்கு. அந்த வகையையே நிறுத்திட்டாங்க.”

வர்ஷினிக்கு அன்றைய மத்தியானம் ஞாபகம் வந்தது. அந்தப் புத்தகத்தை முடித்துவிட்டு அறையிலேயே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் அப்படி நிம்மதியாக இருந்த அரை மணி நேரங்களை விரல்விட்டு எண்ணலாம். அந்த நிம்மதியாலேயே அதைக் கொன்றிருக்கிறாள்.

“நிறுத்துங்க,” என்று கத்தினாள். “என் எண்ணை எல்லாம் அழிங்க. ஒன்பது வருஷமா என் கோவத்தைக் கறந்து வித்திருக்கீங்க!”

“அக்கா, உணர்மானியைக் கழட்டாம வந்துட்டீங்க,” என்றாள் ஃபர்ஹானா மெதுவாக. திரையில் கோவை 23க்கு எதிரே எண் தொண்ணூற்றேழுக்கு ஏறியிருந்தது. வர்ஷினி உணர்மானியைத் தோலோடு பிய்த்து எடுத்தாள். தரையில் போட்டு மிதிக்கத்தான் நினைத்தாள். மிதித்தால் அந்த மிதியையும் எங்கோ ஒன்று எண்ணும் என்று தோன்றியது. மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அந்தக் கட்டடத்துக்கு இனி வருவதில்லை என்று கீழே வருவதற்குள் முடிவாகிவிட்டது.

அன்று இரவு ஓசூர் விடுதியில் நறுமுகை துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அறைத்தோழி இரவு வேலைக்குப் போயிருந்தாள். மகளின் மணிக்கட்டில் நாலு விரல் தடம் பச்சையாக இருந்தது. வர்ஷினி அதைப் பிடித்துப் பார்த்தபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“பொறுக்கி. அந்த நாவலைப் பாத்துட்டு ஆடறான். நீயும் அதைப் பாத்துட்டு சிரிக்கறே.”

“உனக்கு மட்டும் பிடிக்கலாமா?”

“என்னது?”

“நான் கோவை 23ஐப் பாக்க மாட்டேன்னு நினைச்சியா?” நறுமுகையின் முகம் சிவந்தது. “உன் அறை நம்பர் எனக்குத் தெரியாதா? பதினேழு வயசுல இருந்து பாக்கறேன். எல்லாப் பாகத்துக்கும் தொண்ணூறுக்கு மேல. நீ வீட்ல அவனைத் திட்டுவே, கரிச்சுக் கொட்டுவே. உடம்பு வேற சொல்லும். அப்பத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. அப்பாவை விட்டுட்டு வந்தே, ஆனா அந்த மாதிரி ஆம்பளையைத்தான் உனக்கு உள்ளுக்குள்ள இன்னும் பிடிச்சிருக்கு. எங்கம்மாவே அப்படின்னா, அதுதான் காதல்னு நினைச்சேன்.”

வர்ஷினி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருஷமாகத் தான் படித்த ஒவ்வொரு பக்கத்தையும் மகள் இன்னொரு பக்கத்திலிருந்து படித்திருக்கிறாள். “அது ஆத்திரம்டி. கண்ணுமண்ணு தெரியாத ஆத்திரம்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. வாய்தானே.” நறுமுகை மேசை டிராயரிலிருந்து தன் உணர்மானியை எடுத்து நீட்டினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காதலைச் சொல்வதில்லை, ஒட்டிக் காட்டுவார்கள். “போட்டுட்டு அப்பா பேரைச் சொல்லு பாப்போம்.”

வர்ஷினி அதை வாங்கி ஒட்டிக்கொண்டாள். “சந்தோஷ்,” என்றாள். இருபது வருஷமாக வாயில் வராத பெயர். மேசைமேல் இருந்த, நறுமுகை இரவல் வாங்கிய பழைய போனில் எண் எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்று ஏறியது.

“பாத்தியா?” என்றாள் நறுமுகை. அவள் கண் கலங்கியிருந்தது.

வர்ஷினி உணர்மானியைக் கழற்றி மகளின் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். “இப்ப நீ சொல்லு. அவன் பேரை.”

“கவின்.”

எண் தொண்ணூற்றொன்றில் நின்றது. நறுமுகையின் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது.

“சரி. நேத்து அவன் உன் போனைத் தூக்கினப்ப எவ்வளவு காட்டியிருக்கும்?”

நறுமுகை பெட்டியிலிருந்து ஒரு சுடிதாரை எடுத்து மறுபடி மடித்தாள்.

“அப்ப உனக்கு வந்தது ஆசையா? நல்லா நினைச்சுப் பாத்து சொல்லு. வயிறு எப்படி இருந்துச்சு? கால் எப்படி இருந்துச்சு? எண்ணை விடு.”

நறுமுகை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மடித்த சுடிதார் கையிலேயே இருந்தது. அதன் ஓரத்தைத் திருகித் திருகி ஒரு கயிறாக்கிவிட்டாள்.

“தெரியலைம்மா,” என்றாள் கடைசியில். “நிஜமாவே எனக்கு வித்தியாசம் தெரியலை. படபடன்னு அடிச்சுக்கும். அதுக்கு இதுதான் பேர்னு நினைச்சுட்டு இருந்தேன்.”

அப்போது போன் அடித்தது. கவினின் முகம் திரையில் வந்தது. மூலையில் எண் தொண்ணூற்று மூன்றைத் தாண்டியது. நறுமுகை எண்ணைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். போன் அடித்து ஓய்ந்தது, உடனே மறுபடி அடித்தது. அவள் அதைக் கவிழ்த்துத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கதவுக்குத் தாழ் போட்டாள். பிறகு உணர்மானியை உரித்தெடுத்து டிராயருக்குள் எறிந்தாள்.

“அப்பா என்ன பண்ணாரு? ஒத்துவரலைன்னு மட்டும்தான் சொல்லுவே. ஒரு நாளும் முழுசாச் சொன்னதில்லை.”

“சொன்னா நம்புவியா?”

“தெரியாது. சொல்லு, கேக்கறேன்.”

வர்ஷினி தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஒன்பது வருஷம் அவள் உடம்பை அளந்தவர்கள் யாரும் அவளிடம் கேட்காதது இதுதான். தலையணைக்கு அடியில் போன் உறுமிக்கொண்டே இருந்தது.

“உனக்கு அப்ப மூணு வயசு,” என்றாள். “உங்கப்பா வேலைக்குப் போறப்ப வீட்டை வெளியில பூட்டிட்டுப் போவாரு. முதல் நாள் மறந்து பூட்டிட்டாருன்னு நினைச்சேன்.”

நறுமுகை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.