கை பொறுக்கும் சூடு

மீன் வாங்காத வீட்டில் மீன் வாடை அடித்தது.

"என்னங்க, இந்த நாத்தம் எங்கேருந்து வருது?" என்று கேட்டுக்கொண்டே மனைவி செருப்பை மாட்டினாள். மருந்துக்கடையில் அவளுக்கு மாலை வேலை. "குப்பைக்கூடையைக்கூட காலையிலேயே கழுவி வெச்சிட்டேனே."

"பக்கத்து வீடா இருக்கும்," என்றான் அவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் நேரமாகிவிட்டதால், புருஷனோடு மல்லுக்கட்ட நிற்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவன் எலக்ட்ரீசியன். அந்த வாடை என்னவென்று முதல் மூச்சிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிளக் பாயின்ட் உள்ளுக்குள் வேக ஆரம்பித்தால் முதலில் புகை வராது, இப்படிக் கெட்டுப்போன மீன் மாதிரி ஒரு வாடைதான் வரும். எலி செத்துக் கிடக்கிறது என்று பீரோவை நகர்த்திக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி, சுவரைக் காட்டிக் கொடுத்து எத்தனையோ வீடுகளில் பெயர் வாங்கியிருக்கிறான். மூக்காலேயே வேலை பார்க்கிறவன் என்று எலக்ட்ரிக் சாமான் கடையில் அவனைக் கேலி செய்வார்கள்.

மூக்கு அவனைச் சோபாவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனது. அங்கே யாரும் பயன்படுத்தாத ஒரு பாயின்ட், ஓரமெல்லாம் ஒட்டடை. உள்ளங்கையால் தொடக்கூடாது, ஷாக் அடித்தால் விரல்கள் தானாக மூடிப் பிடித்துக்கொள்ளும். எனவே புறங்கையை வைத்துப் பார்த்தான்.

கதகதப்பாக இருந்தது.

எதுவும் செருகாத பாயின்ட் எப்படிச் சுடும்? மெயினை இறக்கினான். டிவி அணைந்தது, மின்விசிறி சோம்பலாகச் சுற்றி நின்றது, பிரிட்ஜின் முனகல் அடங்கியது, அந்த முனகல் இத்தனை நாள் இருந்ததே அது நின்றபோதுதான் தெரிந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, ஜன்னலில் மாலை வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. மறுபடியும் புறங்கையை வைத்தான். சூடு போகவில்லை.

அப்போதுதான் அவனுக்கு டீச்சரின் ஞாபகம் வந்தது. வந்தது என்று சொல்வதுகூடப் பொய். போன வாரத்திலிருந்து அது போகவே இல்லை.

மூன்று தெரு தள்ளி, கைப்பிள்ளையாக இருந்த மகளோடு தனியாக வந்து குடியேறிய டியூஷன் டீச்சர். அந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். டீச்சர் புதிதாக எலக்ட்ரிக் கார் வாங்கி, வீட்டுக்கு வெளியே சார்ஜ் போட ஒரு பாயின்ட் கேட்டாள். கார் இரவெல்லாம் ஒரே மூச்சாகக் கரண்ட் இழுக்கும். அதற்கென்று கனமான பாயின்ட் இருக்கிறது. அன்று அவன் பையில் அது இல்லை. இஸ்திரிப்பெட்டிக்குப் போடுகிற சாதாரணப் பாயின்ட்டைப் போட்டுவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டான்.

இரண்டே நாளில் கூப்பிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்து பாதியில் சார்ஜ் நின்றுவிடுகிறதாம். காரோடு வந்த பிளக்குக்குள் சூட்டைப் பார்க்கும் சென்சார் உண்டு, பாயின்ட் அளவு மீறிச் சுட்டால் அதுதான் நிறுத்தும். அவன் போய்ப் பார்த்தான். போட்டது தப்பு என்று சொல்லிவிட்டுக் கழற்றியிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை. அந்தத் தெருவிலேயே அவனைப் புகழ்ந்து நாலு வீட்டு வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள். எனவே பாயின்ட்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு ஒட்டு ஒயர் போட்டான். இப்போது சென்சார் ஒரு முழம் தள்ளித் தொங்கியது. சுவரில் சுடுவது அதற்குத் தெரியாது. பச்சை விளக்கு எரிந்தது. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, திருடன் போய்விட்டான் என்று சொன்ன கதை.

"உங்க கைராசியே தனிண்ணா," என்றாள் டீச்சர்.

பக்கத்தில் நின்ற மகள் பாயின்ட்டை நோக்கி விரலை நீட்டினாள். அவன் தடுத்து, "விரலால தொடக்கூடாது பாப்பா. இப்படிப் புறங்கையை வைக்கணும்," என்று காட்டினான். "கை பொறுக்குதா?"

"பொறுக்குது மாமா!"

"அப்ப ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிவிட்டு வந்தான்.

இப்போது டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சோபாவுக்குப் பின்னால் இருந்த பாயின்ட்டைக் கழற்றினான். உள்ளே கம்பிகள் சில்லென்று இருந்தன. எந்த ஒயரும் இல்லாமல் தனியாக மேஜைமேல் கிடந்த பாயின்ட்டைத் தொட்டான். அடைகாக்கும் கோழிக்கு அடியிலிருந்து எடுத்த முட்டை மாதிரி இருந்தது.

சுவரில் சதுரமாக ஒரு ஓட்டை. அதற்குள் இருட்டு. வாடை அதிலிருந்து வந்தது.

டீச்சருக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்கண்ணா!" பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

"வண்டிக்குச் சார்ஜ் போட்டிருக்கீங்களா டீச்சர்?"

"இப்பத்தான் வந்து போட்டேன். நீங்க அந்தக் குட்டி ஒயர் மாட்டினதிலேருந்து ஒரு தடவைகூட நிக்கலண்ணா."

"சூடு கீடு ஏதாவது..."

"பாப்பாதான் தினமும் புறங்கையை வெச்சுப் பாக்குறா, அவளுக்கு அது விளையாட்டாப் போச்சு. உள்பக்கம் அவ ரூம்தானே? மழைக்கு சுவர் கதகதப்பா இருக்குன்னு கட்டிலை அதிலேயே ஒட்டிப் போட்டுக்கிட்டா. இப்பகூடக் காய்ச்சல் மருந்து குடிச்சிட்டு அங்கதான் படுத்திருக்கா."

அவன் சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தான். "மீன் வாடை எதாவது வருதா?"

"அட, உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்? ரெண்டு நாளா வீடு முழுக்கத் தேடிக்கிட்டு இருக்கேன்!"

பிளக்கைப் பிடுங்குங்க. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஒட்டு ஒயர் எதற்கு என்று கேட்பாள். தெரிந்தேவா செய்தீர்கள் என்று கேட்பாள். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது, அதுதான் பிரச்சினை.

"நாளைக்குக் காலையில வந்து பாக்குறேன் டீச்சர்."

"அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே. கை பொறுக்கிற சூடுதானே."

போனை வைத்தான். தன் குரல் அவ்வளவு இயல்பாக இருந்ததை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

பையிலிருந்து சூடு பார்க்கும் கருவியை எடுத்து மேஜைமேல் கிடந்த பாயின்ட்டை நோக்கிப் பிடித்தான். நாற்பத்தெட்டு. கருவி கெட்டுவிட்டதோ என்று தன் கையைப் பார்த்தான், முப்பத்திமூன்று, சரியாகத்தான் இருந்தது. திரும்பப் பிடித்தான். அறுபத்தொன்று. இனிக் கை பொறுக்காது. எழுபத்தைந்து. வெள்ளை பிளாஸ்டிக்கின் ஓரம் டீக்கறை மாதிரிப் பழுத்தது. தொண்ணூறு.

போய்விடலாம். மூன்று தெருதான். ஓடினால் போதும்.

செருப்பைத் தேடினான். காலையில் போனால் போதாதா என்று உள்ளே ஒன்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. அது அவன் குரல்தான்.

மேஜைமேல் ஏதோ சொட்டியது. பாயின்ட் உருகிக்கொண்டிருந்தது.

பிறகு மணிச்சத்தம். தூரத்தில். கிட்டத்தில். தீயணைப்பு வண்டி அவன் வீட்டைத் தாண்டிப் போனது. சிவப்பு வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கியது. அவன் காதால் அதைத் தொடர்ந்தான். ஒரு தெரு. இரண்டு தெரு.

மூன்று.

நின்றது.

மறுபடி போன் போட்டான். நெடுநேரம் அடித்தது. எடுத்தாள்.

"டீச்சர்! பிளக்கைப் பிடுங்குங்க! பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க! தப்பு என்னுது, தெரிஞ்சேதான் செஞ்சேன், நான்தான்..."

சருகு மிதிபடுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து, பாத்திரம் கழுவியபோது பேசிய அதே குரல்.

"இப்ப சூடே இல்லண்ணா."

"பாப்பா எங்க?"

"அவளுக்குத்தான் குளிருதாம். கதகதப்பா ஒரு சுவர் வேணும்னு ஒரே அழுகை. உங்க வீட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கேன்."

போன் செத்தது.

அவன் பின்னால் சோபா நகர்ந்தது. மெதுவாக. சின்ன ஆள் தள்ளுகிற மாதிரி.

திரும்பினான்.

சுவரோடு ஒட்டி, ஓட்டையில் கன்னம் வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பக்கத்துப் பின்னல் இருந்தது. இன்னொரு பக்கம் இல்லை.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. கையை மட்டும் நீட்டினாள், அந்தக் கை சோபாவைத் தாண்டி, மேஜையைத் தாண்டி நீண்டு வந்தது. விரல்களால் தொடவில்லை. அவன் சொல்லிக் கொடுத்தபடியே, கவனமாக, புறங்கையை அவன் கன்னத்தில் வைத்தாள்.

"பொறுக்குது மாமா."

கையை எடுக்கவில்லை. மீன் வாடை இப்போது அவன் தோலிலிருந்து வந்தது.