சொல்லிக்கொண்டு போகக்கூடாத வீடு

கனடாவின் ஸ்ரௌவ்வில் ஊரில் புது வீடுகளுக்கு நடுவே ஒரு பழைய பண்ணை வீட்டை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். நூற்றெண்பது வருசத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த வில்லியம் ஹார்க்கட் என்பவர் காட்டை வெட்டிக் கட்டிய வீடு. இப்போது அது காட்சிச்சாலை. கிழமைக்கு ஒருநாள் அதைத் துப்புரவாக்குவது சந்திரவதனாவின் வேலை. பனி கொட்டிப் பள்ளிக்கூடம் பூட்டிய அன்று ஏழு வயது மகள் சிவானியையும் கூட்டிக்கொண்டு போனாள். வேறென்ன செய்வது, லீவு கேட்டால் வேலையே லீவாகிவிடும்.

உள்ளே ஊறிப்போன மரத்தின் மணமும் கரி மணமும். அந்த அடுப்பை மூட்டி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. மணம் மட்டும் நேற்று அணைத்ததுபோல் இருந்தது. சந்திரவதனா கீழே வக்யூம் பிடிக்க, சிவானி மேல்மாடியில் விளையாடினாள். யாருடனோ கதைக்கும் சத்தம் கேட்டது. ஒற்றைப் பிள்ளை, தன்பாட்டில் கதைக்கிறாள் என்று தாய் விட்டுவிட்டாள்.

புறப்படும்போது சிவானி படியடியில் நின்று மேலே பார்த்துக் கையசைத்தாள்.

"போயிட்டு வாறன்."

மேலே ஒரு பலகை கிறீச்சிட்டது.

"ஆருக்கடி சொல்லுறாய்?"

"எலனுக்கு. அவவுக்குத் தமிழ் தெரியாது. மீனிங் கேட்டவ. திரும்பி வருவன் எண்டு சொன்னனான். அவ அழுதிட்டா."

'போறன்' என்று மட்டும் சொல்லக்கூடாது என்று மகளுக்குப் பழக்கியதே சந்திரவதனாதான்.

அடுத்த நாளே பிள்ளைக்குக் காய்ச்சல். டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத காய்ச்சலா மூன்று நாளாய் நாற்பது டிகிரியில் நிற்கும்? போதாததற்கு, பிள்ளை கட்டிலிலிருந்து எழும்பிப் போய் வாசலில் சப்பாத்து மாட்டினாள்.

"போகோணும் அம்மா. வருவன் எண்டு சொன்னனான்."

சந்திரவதனா அந்த வீட்டுக்குப் பொறுப்பான றோசலின் அன்ரிக்குப் போன் எடுத்தாள்.

"அன்ரி, அங்கை எலன் எண்டு ஆரும் இருந்தவையோ?"

"உமக்கு ஆர் சொன்னது?" றோசலினின் குரல் தணிந்தது. "ஹார்க்கட்டின்ரை கடைசிப் பெட்டை. ஒரே கிழமையிலை மூண்டு பிள்ளையளும் காய்ச்சலிலை போயிட்டுதுகள். தாய் மார்த்தா அங்கை இருக்கேலாமல் திரும்பக் கப்பலேறிட்டா. எலன்ரை குழியடியிலை நிண்டு, போறம் எண்டு சொல்ல மனம் வராமல் பேசாமல் வந்திட்டன் எண்டு கடிதம் எழுதியிருக்கிறா."

சந்திரவதனா போனை வைத்தாள். அது செத்தவீடு. செத்தவீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை, பேசாமல் எழும்பி வருவதுதான் வழக்கம். அத்தனை வருசத்துத் துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, இன்னும் கழியாமல் கிடக்கும் என்று யார் கண்டது? பாவி, பிள்ளைக்குப் பாதியைப் பழக்கி மற்றப் பாதியைப் பழக்காமல் விட்டாளே.

அன்று பின்னேரமே பிள்ளையைப் போர்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள். சொன்ன வாய்தான் அதைத் திருப்பி எடுக்கவேண்டும்.

மாடி அறையில் மூச்சு புகையாக வந்தது.

"சொல்லு பிள்ளை."

"பாவம் அம்மா அவ."

"எனக்குத் தெரியும். சொல்லு."

"எலன், நான் போறன். இனி வரமாட்டன்."

ஒன்றும் அசையவில்லை.

பிறகு மூலையிலிருந்து ஒரு விம்மல். அழுதால் ஏச்சு விழும் என்று பயந்து அடக்குகிற பிள்ளையின் விம்மல் அது. தன் பிள்ளைக்காக இன்னொருத்தியின் பிள்ளையை இரண்டாம் தரமும் கைவிடுகிறோமே என்று சந்திரவதனாவும் அழுதாள். ஆனாலும் நிற்கவில்லை.

காரடிக்கு வருவதற்குள் சிவானிக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. பின்சீற்றில் இருத்தி, பெல்ட் மாட்டி, காரை எடுத்தாள்.

டிங். டிங். டிங்.

பின்னால் ஒருவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. சிவானியின் பெல்ட் மாட்டியபடியே இருந்தது. அவள் அயர்ந்து தூங்கினாள். விளக்குக் காட்டியது பக்கத்துச் சீற்றை.

வெறும் சீற்.

சந்திரவதனா இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். 'இறங்கு' என்று சொல்லத்தான் திறந்தாள். நெடுநேரம் பனிக்குள் நின்றாள். பிறகு குனிந்து அந்தப் பெல்ட்டை இழுத்தாள். பாதியில் அது எதிலோ முட்டி, ஒரு சின்ன உடம்பின் அளவுக்கு வளைந்து நின்றது.

மாட்டிவிட்டாள்.

சத்தம் நின்றது.