காயாத செடி

மெத்தையைத் தூக்கிப் பழைய பேப்பர்க் கட்டை உருவியதும் பாத்திமா ஹனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடியும் ஈரம். நேற்றுக் காலையில் புதுப் பேப்பர் மாற்றி வைத்ததுதான், இன்றைக்குப் பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. நடுவில் அந்தச் செடி மட்டும் இப்போதுதான் பறித்ததுபோல் பச்சைப்பசேலென்று கிடந்தது.

"சனியனே, காஞ்சு தொலையேன்!" என்று அதன் மூஞ்சியைப் பார்த்தே திட்டிவிட்டு, புதுப் பேப்பரில் மடித்து மறுபடி மெத்தைக்கடியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் செடியைக் காயவைத்து அட்டையில் ஒட்டிக் கொண்டுவராவிட்டால் ஆராய்ச்சிப் பதிவே ரத்து என்று கைடு கறாராகச் சொல்லிவிட்டார். அத்தனை வருஷப் பாடும் மண்ணாய்ப் போகும். தரங்கம்பாடியில் இருந்த ஒரு டாக்டரும் ஜெர்மனியில் இருந்த அவருடைய சிநேகிதரும் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செடிகொடிகளைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்கள்தான் அவளுடைய ஆராய்ச்சி. அவற்றில் மட்டுமே படித்திருந்த செடியைக் குருவிகுளம் கரிசல்காட்டில் நேரில் கண்டபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காயவைக்க, தாவரவியல் படித்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பேப்பருக்குள் மடித்து மெத்தைக்கடியில் போட்டால், மேலே படுக்கிற ஆளின் பாரமே போதும்.

படுப்பது அவள் புருஷன் வாசிம். விசைத்தறியில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம். அவள் லேப்டாப்பும் கையுமாக முன்னறைப் பாயிலேயே கிடந்தாள்.

வேலை முடிந்து வந்தவன் சொம்பை அண்ணாந்து காலி செய்துவிட்டு மறுபடி நீட்டினான். "இன்னும் கொண்டா ஹனா. என்னன்னே தெரியல, தாகம் அடங்கவே மாட்டேங்கு."

"வெயிலுதான் மச்சான். போய்ப் படுங்க. நல்லா நடுவுல படுங்க, பாரம் பத்தல."

"எம்மேல உனக்கு எம்புட்டு அக்கறை!" என்று சிரித்தான். சிரித்ததில் கீழுதடு பிளந்தது. ரத்தம் வரவில்லை. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு ஈரப் பேப்பரைக் குப்பையில் போடப் போய்விட்டாள்.

அப்புறம் கடிதங்களைத் திரும்பவும் திறந்தாள். எப்படிக் காயவைப்பதென்று எங்காவது ஒரு வரி எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா! ஜெர்மனிக்காரர் எழுதியிருந்தார்: "தாங்கள் அனுப்பிய செடி வந்து சேர்ந்தது. எட்டு மாதக் கப்பல் பயணத்திலும் பச்சை மாறவில்லை. அந்தப் பெட்டியின்மேல் படுத்துவந்த மாலுமியைப் பற்றித் தனிக் கடிதம் எழுதுகிறேன்." மாலுமி கதை யாருக்கு வேண்டும் என்று எப்போதும் தாண்டிப் போகிற வரி. அந்தத் தனிக் கடிதத்தை அவள் தேடியதே இல்லை. இன்றைக்கு எரிச்சலோடு தாண்டப் போனவள் நின்றாள்.

பெட்டியின்மேல் படுத்துவந்த மாலுமி.

அப்போது மின்சாரம் போனது. விடிந்ததிலிருந்து தெருவெல்லாம் தடதடத்துக்கொண்டிருந்த தறிகள் ஒவ்வொன்றாக ஓய, மின்விசிறி சுற்றித் தளர்ந்து நிற்க, பட்டப்பகலில் வீட்டுக்குள் விழுந்த அந்த அமைதியில், முதல் மழையில் நனைந்த கரிசல் மண்ணின் வாசம் படுக்கையறைக் கதவின் கீழிருந்து மெல்ல வந்தது. கூடவே ஒரு சத்தம். நுங்கில் வாய் வைத்து உறிஞ்சுவதுபோல. நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி உறிஞ்சுவதுபோல.

"மச்சான்?"

கதவைத் தள்ளினாள். ஜன்னல் வெளிச்சத்தில் போர்வை மெத்தையோடு மெத்தையாகக் கிடந்தது. அடியில் ஆள் படுத்திருக்கிற மேடு இல்லை.

போர்வையை இழுத்தாள்.

அவன் சரசரத்தான்.

பழுப்பாக. தட்டையாக. நரம்பெல்லாம் கோடுகோடாக. கையைப் பிடித்துத் தூக்கினாள். கனமே இல்லை. சுண்டுவிரல் பொடுக்கென்று ஒடிந்து அவள் உள்ளங்கையில் தங்கிவிட்டது.

"யா அல்லாஹ்... மச்சான்... நான்தான்... நானே படுக்கச் சொன்னேனே..."

அவன் கண் மட்டும் அவள் பக்கம் உருண்டது. உதடு அசைந்தது.

"தண்ணி."

ஓடினாள். சொம்பை நிறைத்து வந்தாள். அவன் வாயில் சாய்த்தாள். தொண்டையில் நிற்காமல், முதுகில் நிற்காமல், தண்ணீர் அப்படியே மெத்தைக்குள் இறங்கியது. அவன் கண் இன்னும் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தது. மெத்தைக்கடியில் உறிஞ்சும் சத்தம் மறுபடி தொடங்கியது.