ஒரே எண்ணில் நாற்பத்தொரு பேர்

நாற்பத்தொரு பேர் பேசியதை ஒருவரே பேசியதாகக் காட்டியது திரை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தப்பு அவளுடையதுதான். வீட்டிலிருந்தபடி அவள் பார்த்துக்கொள்ளும் பேருந்துச் செயலியில் யார் என்ன கேட்டாலும் அந்த உரையாடலுக்கு ஓர் எண் விழும். அந்த எண்ணை வைத்துத்தான் ஒருவருடைய பேச்சையெல்லாம் சேர்த்து எடுத்துப் பார்ப்பார்கள். காலையில் நாற்பத்தொரு பேருக்கு எண் விழவில்லை. மேலாளர் உயிரை எடுத்தார். தொல்லை விட்டால் போதுமென்று, காலியாக இருந்த இடங்களிலெல்லாம் ஒரே எண்ணைப் போட்டுவிட்டாள். அப்புறம் பிரித்துக்கொள்ளலாம், என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

மணி மூன்றரை. வீட்டில் அவள் மட்டும். ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியதும், காய்ந்துகொண்டிருந்த துணியின் ஈர வாசனையோடு ஒரு நிசப்தம் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. பிரிப்பதற்காக வரிசையாகப் படிக்க ஆரம்பித்தாள்.

‘அடுத்த பஸ் எப்ப?’ என்று ஒரு போன் கேட்டிருந்தது. ‘பள்ளிக்கூடம் விட்டாச்சு’ என்றது வேறொரு போன். ‘ரெண்டு சடை’ என்றது மூன்றாவது. ‘நீலப் பை.’ இது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் செயலி, மன்னிக்கவும், புரியவில்லை என்று பதில் சொல்லியிருந்தது.

காலையில் மகளுக்கு ரெண்டு சடை பின்னி, நீலப் பையை மாட்டிவிட்டவள் அவள்தான்.

மேலாளரை அழைத்துப் படித்துக் காட்டினாள். அவர் சிரித்தார்.

“நாப்பது பேர் பேச்சை ஒட்டவெச்சுப் படிச்சா எப்படி வேணா அர்த்தம் வரும்மா. பிரிச்சு விட்டுடு, சரியாப் போயிடும்.”

எண்ணை அழித்தாள். திரை ஒருமுறை கண்சிமிட்டியது. நாற்பத்தொன்றுக்கும் அதே எண் திரும்ப வந்து நின்றது. கீழே புதிய வரிகள்.

‘ஏறியாச்சு.’

‘பக்கத்துல உக்காந்தாச்சு.’

‘பேசமாட்டேங்கறா.’

மகளின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். கடவுளே, என் பிள்ளையை ஒன்றும் செய்துவிடாதே.

‘இப்ப பேசறா.’

நாற்பத்திரண்டு பேர் என்றது திரை. புதிதாகச் சேர்ந்த போன் எண் அவளுக்கு மனப்பாடம்.

லிஃப்ட் பழுது. பஸ் வந்து சேருகிற நேரத்துக்குப் படிகளில் காலடிச் சத்தம். ஒருத்தி நடக்கிற சத்தமில்லை. பல கால்கள். ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் பதிந்தன.

கதவுத் துளையில் கண்ணை வைத்தாள்.

மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் படி வளைகிற இடம் வரை ஆட்கள். செக்யூரிட்டி உடுப்பில் ஒருவர். ஊன்றுகோலோடு ஒரு கிழவர். கைக்குழந்தையோடு ஒருத்தி. எல்லோர் கையிலும் போன். யாரும் இமைக்கவில்லை.

மகள் வாயைத் திறந்தாள்.

“எங்களை,” என்றாள்.

“பிரிச்சுடாதே,” என்றார் கிழவர்.

பிறகு எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன. கைக்குழந்தையின் வாயும்.

“அம்மா.”