ஏலம் கேட்க ஆளில்லை

கிடங்கின் கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

அதுதான் அவளை முதலில் உறுத்தியது. பக்கத்துக் கடைக்குப் போவதென்றாலும் இரண்டு பூட்டுப் போடுகிறவன் அவளுடைய அண்ணன்.

"அண்ணா..."

அவள் உள்ளே போனாள்.

மேசையில் மடிக்கணினி, பாதி சுற்றிய பபிள் ஷீட், வாய் பிளந்த அட்டைப்பெட்டிகள். சுவரோரம் நிற்க வேண்டிய இரும்பு அலமாரி தரையில் குப்புறக் கிடந்தது.

அதன் அடியிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் ஊராரின் நரம்பைத் தேடிப் பழகிய விரல்கள், அண்ணனின் மணிக்கட்டில் நாடியைத் தேடின.

தேடிக்கொண்டே இருந்தன...

*

வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. எதிரில் நிற்பவரின் முகத்தைக் காட்டிலும் செருப்பை அதிகம் கவனிப்பவர்.

"என்ன தொழில் பண்ணினார்?"

"பழைய கேமரா, லென்ஸ் எல்லாம் இணையத்துல ஏலம் விடுவார் மேடம். சொந்தத் தளம்."

"அதுக்குத்தான் இணையத்துலயே அந்தப் பெரிய கடை இருக்கே? என் பையன் ஜட்டி முதக்கொண்டு அங்கதான் வாங்குறான்."

"எல்லாரும் அங்கதான் வாங்குறாங்க. அதுதான் அண்ணனுக்கு வந்த நோய்." என்றாள் அவள். "வாங்க ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் விக்கிறவன் போவான். விக்கிறவன் இருக்கிற இடத்துக்குத்தான் வாங்குறவன் போவான். ரெண்டு பேரும் முன்னாடியே அங்க போய் உக்காந்துட்டாங்க. அண்ணன் மட்டும் இங்க தனியா கடையைத் தொறந்து வெச்சிருந்தார்."

"அப்புறம் எதை நம்பி நடத்தினார்?"

"அங்க படத்தைப் பாத்து வாங்கணும். இங்க ஒவ்வொரு லென்ஸையும் அண்ணனே கழட்டிப் பாப்பார். கீறல் இருந்தா கீறல்னு எழுதுவார். பூஞ்சை இருந்தா பூஞ்சைனு எழுதுவார். விக்க வந்தவங்களே கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

"நேர்மையா இருந்திருக்கார். அதான் கூட்டமில்ல."

கிண்டலாகச் சொன்னாரா, வருத்தத்தில் சொன்னாரா... அவளுக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் அவள் கணவன் ஓடி வந்தான். "மச்சான்..." என்று வாசலிலேயே உடைந்து உட்கார்ந்தான்.

அவன் வேலை பார்ப்பது அந்தப் பெரிய கடையில். சின்னத் தளங்களைப் பேசி வளைத்துப்போடும் பிரிவில் துணை மேலாளர். மச்சானின் தளத்தையும் வளைத்துக் கொடுத்துவிட்டால் 'துணை' உதிர்ந்து வெறும் மேலாளராகிவிடுவான். ஒரு வருடமாகப் பேசிப் பார்த்தும் மச்சான் வளையவில்லை.

"சாயந்திரம் எங்க இருந்தீங்க சார்?" இன்ஸ்பெக்டர் சாதாரணமாகக் கேட்டார்.

"வீட்லதான் மேடம். மச்சான் இன்னிக்கு ஒரு அருமையான கேமராவை ஏலத்துல விட்டிருந்தார். அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஆறு மணிக்கு முடிஞ்சது. கடைசி நொடியில எவனோ வந்து கொத்திக்கிட்டுப் போயிட்டான். சரி, மச்சான் சந்தோஷப்படுவார்னு நினைச்சேன்..."

கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான்.

அவன் தோளைத் தொடப் போன அவள் கை அந்தரத்திலேயே நின்றது.

*

மறுநாள் காலை. இரவெல்லாம் அழுத முகத்தோடு அவனே காபி போட்டுக் கொண்டுவந்தான்.

"சூடா குடி. நேத்துலேருந்து வயித்துல ஒண்ணுமில்ல."

குடித்தாள்.

"இப்பப் பேசுற விஷயம் இல்லதான்... ஆனா தளம் இனிமே உன் பேருக்கு வரும். உன்னால தனியா நடத்த முடியுமா? எங்க ஆளுங்க நல்லபடியா எடுத்துக்குவாங்க. மச்சான் பேர்லயே ஒரு பக்கம் வெக்கச் சொல்றேன்."

"ம்."

"அந்த யானையோட மோதி எவனும் நின்னதில்லம்மா. உள்ள இருக்கிறவன் சொல்றேன்."

"என்னங்க..." அவள் டம்ளரைப் பார்த்தபடி கேட்டாள். "நேத்து ஏலம் எப்படி முடிஞ்சுதுன்னு சொன்னீங்க?"

"ஏன்?"

"அண்ணன் கடைசியா நடத்தினது. கேக்கணும் போல இருக்கு."

அவன் நெகிழ்ந்துபோனான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விவரமாகவே சொன்னான்.

"ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஏத்திக்கிட்டிருந்தாங்க. ஒருத்தன் ஜெயிச்சிடுவான்னுதான் நினைச்சேன். ஆறு அடிக்க ஒரு நொடி இருக்கும்போது இன்னொருத்தன் டப்புனு அடிச்சான் பாரு... அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு."

"பாத்தீங்களா?"

"இந்தக் கண்ணால பாத்தேன்."

அவள் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீரின் இரைச்சல் மற்ற சத்தத்தை மறைத்தது.

வாயைத் திறந்தால் கணவன் போவான். போகிற போக்கில் அண்ணனின் நேர்மையான பெயரையும் இழுத்துக்கொண்டு போவான்.

மூடிக்கொண்டால்... அண்ணன் அலமாரி விழுந்து செத்தவனாகவே இருந்துவிடுவான்.

வாளி நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

*

"அந்த ஏலம் ஆறு மணிக்கு முடியல மேடம்."

இன்ஸ்பெக்டர் முதன்முறையாகச் செருப்பை விட்டு முகத்தைப் பார்த்தார்.

"உக்காருங்க. சொல்லுங்க."

"பெரிய கடையில ஆறுன்னா ஆறு. கடைசி நொடி வரைக்கும் பதுங்கியிருந்து கொத்தறவனுக்குத்தான் பொருள். அண்ணனுக்கு அது பிடிக்காது. இங்க கடைசி அஞ்சு நிமிஷத்துல யார் விலையை ஏத்தினாலும் ஏலம் இன்னும் அஞ்சு நிமிஷம் நீளும். மறுபடி ஏத்தினா மறுபடி நீளும். கேக்க ஆள் இருக்கிற வரைக்கும் கதவைச் சாத்தக்கூடாதுங்கறது அவர் சட்டம்."

"நேத்து?"

"நீண்டுக்கிட்டே போச்சு. ஆறரையையும் தாண்டி."

"உங்க வீட்டுக்காரர் அதையெல்லாம் பாத்ததா சொன்னாரே?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்க அண்ணன் தளத்தை அவர் ஒரு தடவைகூடத் தொறந்து பாத்ததில்ல மேடம். விளம்பரத்துல 'ஆறு மணி'னு போட்டிருந்ததை மட்டும் பாத்திருக்கார். மத்ததெல்லாம் அவங்க கடை வழக்கம். அப்படியே வாயில வந்துடுச்சு."

இன்ஸ்பெக்டர் பேனாவை உருட்டினார்.

"டாக்டர் காலையிலதான் கூப்பிட்டார். பின்மண்டையில அடி விழுந்து, அதுக்கப்புறம்தான் அலமாரியைச் சாய்ச்சிருக்காங்க. அடிச்சது யாருன்னுதான் நான் யோசிச்சிக்கிட்டிருந்தேன்." குறிப்பேட்டைத் திருப்பினார். "ஏலம் நீண்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"



"ஏலம் கேட்டதே நான்தான்."

"நீங்களா?"

"பொய்ப் பேர்ல. கேமரா அடிமாட்டு விலைக்குப் போயிடக் கூடாதேன்னு பரிசோதனைக் கூடத்துல இருந்தே ஏத்திவிட்டேன். எதிர்ல ஒருத்தர் விடாம மல்லுக்கட்டினார். அவர் நிஜமா வாங்க வந்தவர். அவரை நான் ஏமாத்தியிருக்கேன்."

"அது குத்தம்னு தெரியுமா?"

"தெரியும். எழுதிக்குங்க."

*

கணவன் முதலில் மறுத்தான். பிறகு கோபப்பட்டான். இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடைசி நொடியில கொத்தினதுக்கப்புறம் எத்தனை நிமிஷம் நீண்டது சார்?"



நீளுமா?... அவன் கண்களில் அந்தக் கேள்வி அப்பட்டமாகத் தெரிந்தது.

"நான் போகும்போது ஆறு தாண்டியிருந்தது..." சுவரைப் பார்த்துச் சொன்னான். "அலுவலகத்துல 'முடிச்சாச்சு'னு முன்னாடியே சொல்லித் தொலைச்சுட்டேன். கையெழுத்துப் போடுங்க மச்சான்னு கெஞ்சினேன். அவர் கம்ப்யூட்டரைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தார். 'எனக்கும் ஆள் வந்தாச்சு மாப்ளே. ஒருத்தன் விடாம கேக்கறான். இனிமே விக்கிற பேச்சே இல்ல'ன்னார். முடிஞ்ச ஏலத்தைச் சொல்றார்னு நினைச்சேன். பக்கத்துல கேமரா ஸ்டாண்ட் இருந்தது..."

கதவோரம் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விடாமல் கேட்ட அந்த ஒருத்தன்... அவள்.

அண்ணன் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தது, அவள் அனுப்பிய பொய்யைப் பார்த்து. விற்கமாட்டேன் என்று அவன் சொன்னதும் அதை நம்பித்தான்.

*

ஜீப் கிளம்பக் காத்திருந்தது. இன்ஸ்பெக்டர் அண்ணனின் மடிக்கணினியோடு திரும்பி வந்தார்.

"உங்களோட போட்டி போட்டவரைக் கண்டுபிடிச்சோம்."

"அவரை நான் பாக்கணும் மேடம். மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்க முடியாதும்மா." அந்தக் குரலில் அதிகாரம் இல்லை. "அதுவும் பொய்ப் பேர்தான். இந்தக் கம்ப்யூட்டர்லேருந்துதான் கேட்டிருக்கார். உங்க அண்ணன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் படியில் உட்கார்ந்தாள்.

தன் கேமராவுக்குத் தானே விலை ஏற்றிய அண்ணன். அவனை எதிர்த்து ஏற்றிய தங்கை. எதிரில் இருப்பவன் நிஜம் என்று இருவருமே நம்பியிருக்கிறார்கள். இருவருமே அதில் மகிழ்ந்திருக்கிறார்கள்.

"கடைசியா நான் ஏத்தினதுக்கு மேல அவர் விலை ஏத்தவே இல்ல..." என்றாள். "போதும்னு விட்டுக்குடுத்துட்டார்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்ப அந்த ஏலத்துல நிஜமான ஆளுன்னு ஒருத்தர்கூட இல்லையா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது.

"ஒரே ஒருத்தர் வேடிக்கை பாத்ததா சொன்னார் மேடம்... அவரையும் நீங்க ஜீப்புல ஏத்திட்டீங்க."