கோசலாவின் வலது முழங்கால்

"ஊசி யாருக்குங்க?"

மஸ்கெலியா மருந்துக் கடையில் கோசலா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நிமிர்ந்தாள். மழை மேகம் மாதிரி கருகருவென்று இரண்டு கண்கள்... சட்டையில் திலக்ஷன் என்று பெயர் அட்டை.

"எனக்குத்தான். குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

அவள் கையிலிருந்த சின்னக் குப்பியை அவன் பார்த்துவிட்டான். சனிக்கிழமை மாகாண வலைப்பந்து அணிக்கு ஆள் தெரிவு. முழங்காலோ வீங்கிக் கிடந்தது. ஃபோனில் பார்த்து வரவழைத்த மருந்து. மூன்றே நாளில் குணமாம்.

"பெப்டைட்டா?" அவன் குரல் தணிந்தது. "அமினோ அமிலம்னு சின்னச் சின்னத் துண்டுங்க கோத்துக்கிட்ட சங்கிலிங்க அது. நம்ம ஒடம்பே செய்யுது. சீனி வியாதிக்குப் போடுற இன்சுலினும் அந்த வகைதான். ஆனா அத டாக்டரு அளவு பாத்து எழுதுறாரு. இதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? மனுசருக்குப் போட்டு ஒழுங்கா சோதிக்கல. வெளையாட்டுல தடை வேற..."

"கடைக்காரங்க ஊசி வித்தா போதும். பாடம் வேணாம்!"

விருட்டென்று வெளியேறினாள். நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து மழை ஏறி வந்தது. பத்தடி போவதற்குள் கால் மடங்கியது... குடையோடு ஓடி வந்தவன் தாங்கிப் பிடித்தான்.

"எம்மேல கோவப்படுங்க... ஆனா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், அம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்வரை, குப்பியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வேறு கடையில் ஊசி கிடைக்காமலா போகும்? அவன் சொன்னது பொய்யாக இருந்து, ஊசி போடாமல் விட்டால் இந்த வருடமே வீண். மெய்யென்றால்...?

மறுநாள் ஆஸ்பத்திரிக்கே போனாள். முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. "இதோட ஆடுனா மோசமாயிரும்" என்ற டாக்டர், குப்பியை வாங்கி வைத்துக்கொண்டார். தெரிவு கைநழுவியது. விக்கி விக்கி அழுதாள்.

அதன்பின் செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரியில் கால் பயிற்சிக்கு அந்தக் கடையைத் தாண்டித்தான் போனாள். வாசலில் அவன் நிற்பான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் அவன் நிற்காத ஒரு செவ்வாயன்று... அவளுக்கு எதுவுமே ஓடவில்லை.

மூன்றாம் மாதம், நொண்டாமல் நடந்து கடைக்குள் போனாள். "இப்ப சந்தோசமா?"

அவன் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தான். "என்னாலதான் ஒங்க வாய்ப்பு போச்சோன்னு தூக்கமே இல்லீங்க. மொதல்ல வெறும் பயம்னுதான் நெனச்சேன்..."

"அப்புறம்?"

"ஒங்களப் புடிச்சிருக்குங்க."

"பேரு கூடத் தெரியாமலா?"

"தெரியாதுதாங்க..."

"கோசலா" என்றாள். கன்னம் சுட்டது. "எனக்கும்தான்... தூக்கம் வரல."